பன்றிக்குட்டி, சுண்டெலி, கரடி: மூன்றில் எதை முதலில் போடுவது?

பேசும் விலங்கை வைத்துக் குழந்தைகளுக்குப் படம் எடுக்க வருகிறவர் முதலில் ஒரு விஷயத்தை முடிவு செய்தாக வேண்டும். அந்த விலங்கு பேசுவது யார் காதில் விழும்? ஊருக்கே கேட்குமா, மற்ற விலங்குகளுக்கு மட்டும்தானா? சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் படத்தின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

இதை எனக்குப் பிடிபட வைத்தது என் மகள். பன்றிக்குட்டிப் படமான ‘பேப்’ பார்த்துக்கொண்டிருந்தபோது, “அந்தத் தாத்தாவுக்கு மட்டும் ஏம்ப்பா அது பேசறது கேக்கல?” என்றாள். அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் அதே கேள்வியோடு சுண்டெலி ‘ஸ்டூவர்ட் லிட்டில்’, கரடி ‘பேடிங்டன்’ என்ற மற்ற இரண்டு தொடர்களையும் திரும்பப் பார்த்தபோது, மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

மூன்றும் சிறுவர் நாவலிலிருந்து வந்தவை. டிக் கிங்-ஸ்மித் 1983-இல் எழுதிய ‘தி ஷீப்-பிக்’ நாவல்தான் 1995-இல் ‘பேப்’ ஆனது. ஈ.பி. வைட் 1945-இல் எழுதிய ‘ஸ்டூவர்ட் லிட்டில்’ 1999-இல் அதே பெயரில் படமானது. மைக்கேல் பாண்ட் 1958-இல் எழுதத் தொடங்கிய பேடிங்டன் கதைகள் 2014-இல் திரைக்கு வந்தன.

சுண்டெலியை முதலில் முடித்துவிடுகிறேன், மூன்றில் எனக்குக் குறைவாகப் பிடித்தது அதுதான். நாவலில் ஸ்டூவர்ட், லிட்டில் என்ற மனிதத் தம்பதிக்கே பிறந்த இரண்டாவது பிள்ளை. பார்க்க எலிபோல இருப்பான், அவ்வளவுதான், யாரும் விளக்கம் கேட்பதில்லை. படத்தில் இதை மாற்றினார்கள். ஒரே மகன் ஜார்ஜுக்குத் தம்பி வேண்டுமென்று ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போகும் பெற்றோர் எலியைத் தத்தெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர், மாஹேயில் பிறந்த எம். நைட் ஷியாமளன். அவர் இயக்கிய ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ வந்த அதே ஆண்டில்தான் இதுவும் வந்தது. இந்த மாற்றம் நல்ல மாற்றம் என்பேன். தத்து வந்த பிள்ளை புது வீட்டில் எப்படி முழித்துக்கொண்டு நிற்கும் என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி காட்ட முடிந்தது இதனால்தான். அந்த வீட்டில் எல்லாமே அவனுக்குப் பெரிசு. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் ஏற ஏற அவன் கத்தும் காட்சி இன்றும் நெஞ்சைப் பிடிக்கிறது.

பிரச்சினை அதற்கப்புறம்தான். ஸ்டூவர்ட் பேசுவது எல்லோருக்கும் கேட்கிறது, எல்லோருக்கும் அவனைப் பிடித்தும் போகிறது. முரண்டு பிடிப்பவர்கள் ஜார்ஜும் ஸ்னோபெல் என்ற பூனையும் மட்டுமே. சென்ட்ரல் பார்க் குளத்துப் படகுப் போட்டி முடிவதற்குள் ஜார்ஜ் மனம் மாறிவிடுகிறான். ‘நான் இந்த வீட்டுப் பிள்ளையா?’ என்று கேட்கத் துணிந்த படம், பதிலை இவ்வளவு சுலபமாகத் தந்திருக்க வேண்டாம். நாவல் அப்படிச் செய்யவில்லை. காணாமல் போன பறவைத் தோழியைத் தேடி ஸ்டூவர்ட் வடக்கு நோக்கிக் கார் ஓட்டிப் போவதோடு முடிந்துவிடும், கண்டுபிடித்தானா என்று வைட் சொல்வதே இல்லை. 2002-இல் வந்த இரண்டாம் பாகம் அந்தப் பறவையைக் கொண்டுவந்தது. குழந்தைகளுக்குப் பொழுது போகும். மூன்றாவது, நேரடியாக வீடியோவுக்கு வந்த அனிமேஷன். அதை விட்டுவிடலாம்.

முதல் பாகம் பார்க்கும்போது மட்டும் அந்த வீட்டுச் சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஹங்கேரி ஓவியர் ரோபர்ட் பெரேனி வரைந்து, பல பத்தாண்டுகளாகக் காணாமல் போயிருந்த ஓவியம் ஒன்று அங்கே தொங்குகிறது. 2009-இல் மகளோடு உட்கார்ந்து படம் பார்த்த ஒரு கலை வரலாற்றாளர் அதை அடையாளம் கண்டார். 2014-இல் அது 2 லட்சத்து 29 ஆயிரத்து 500 யூரோவுக்கு ஏலம் போனது. படப்பிடிப்புச் சாமானாக வாங்கி மாட்டிய படம்!

சரி, கரடிக்கு வருவோம். 1956 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லண்டன் கடை ஒன்றில் தனியாக மிஞ்சியிருந்த பொம்மைக் கரடியைப் பார்த்து மனசு கேட்காமல் மனைவிக்கு வாங்கிப் போனவர் மைக்கேல் பாண்ட். அதிலிருந்து பிறந்ததுதான் பேடிங்டன். இந்தக் கரடியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கழுத்தில் தொங்கும் அந்தச் சீட்டு, இரண்டாம் உலகப் போரின்போது லண்டனிலிருந்து வெளியூர்களுக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கழுத்தில் அவர் பார்த்தது.

இங்கே கரடி பேசுவது ஊருக்கே கேட்கும், யாரும் ஆச்சரியப்படவும் மாட்டார்கள். முதல் பாகத்தில் ரயில் நிலையக் காட்சியைப் பாருங்கள். பெருவிலிருந்து வந்த கரடி, தொப்பியைத் தூக்கி ஒவ்வொருவருக்கும் வணக்கம் வைக்கிறது. கூட்டம் விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது. பின்னால் கரடிக்கு வீடு தரப்போகும் பிரவுன் குடும்பத்தின் தலைவர்கூட, எதையாவது விற்க வந்திருக்கும், பார்க்காமல் நடங்கள் என்கிற தோரணையில் பிள்ளைகளை நகர்த்துகிறார். கேட்காமல் இல்லை, எல்லோருக்கும் கேட்கிறது. காது கொடுக்கத்தான் ஆளில்லை. வேற்று ஊருக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.

குரலுக்கு முதலில் ஒப்பந்தமானவர் காலின் ஃபர்த். கரடிக்குப் பொருந்தாத அளவுக்குக் குரல் முதிர்ந்திருக்கிறது என்று அவர் விலக, பென் விஷா வந்தார். கொஞ்சம் தயங்கி, மரியாதையோடு வரும் அந்தக் குரல் இல்லாமல் இந்தத் தொடரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

2017-இல் வந்த இரண்டாம் பாகம் முதலாவதைவிட நல்ல படம். தொடர் படங்களில் இப்படி அமைவது அபூர்வம். வளர்த்த லூசி அத்தைக்குப் பிறந்தநாள் பரிசாக, விரித்தால் லண்டன் எழுந்து நிற்கும் காகிதப் புத்தகம் ஒன்றை வாங்க ஆசைப்படுகிறது கரடி. அதற்காக ஜன்னல் துடைக்கப் போகிறது. புத்தகம் திருட்டுப் போக, பழி கரடிமேல் விழுந்து சிறைக்குப் போகிறது. அங்கே துவைக்கப் போட்ட கைதிகளின் உடைகளோடு ஒரு சிவப்புக் காலுறையும் சேர்ந்துவிட, மொத்தச் சிறையும் இளஞ்சிவப்பாகிறது. இதில் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் கரடி வாசல் கதவைத் திறக்கும்போது யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 2024-இல் வந்த மூன்றாம் பாகத்தில் இயக்குநர் மாறினார், கதை பெருவுக்குப் போனது. குறையொன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அந்தத் தெருவும் அக்கம்பக்கத்து மனிதர்களும் இல்லாமல் பேடிங்டன் பாதிதான்.

‘பேப்’ இதற்கு நேரெதிர். விலங்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன, மனிதருக்கு ஒரு சொல்கூடப் புரியாது. ஆஸ்திரேலியாவில் நிஜ விலங்குகளை வைத்து எடுத்தார்கள். பன்றிக்குட்டி மளமளவென்று வளர்ந்துவிடும் என்பதால் 48 குட்டிகள் மாறி மாறி நடித்தன. நெருக்கமான சில காட்சிகளுக்கு இயந்திரப் பொம்மைகள், வாயசைவுக்குக் கம்ப்யூட்டர். காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரை ‘அப்பல்லோ 13’-ஐ முந்தி வாங்கியது இந்தப் பன்றிக்குட்டிதான்.

நாய்கள் ஆடுகளை மிரட்டி மேய்க்கும். பேப், தயவுசெய்து என்று கேட்டு மேய்க்கிறான். கதை இவ்வளவுதான், ஆனால் அதைச் சுற்றி இருப்பது நிஜமான பண்ணை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு வாத்து வெட்டப்படுகிறது. பேப்பிடம் பாசமாக இருந்த கிழட்டு ஆடு நாய்கள் கடித்துச் சாகிறது, பழி பேப்மேல் விழுகிறது, விவசாயி ஹாகெட் துப்பாக்கியை எடுக்கிறார். பன்றிகளை எதற்கு வளர்க்கிறார்கள் என்பதை ஒரு பூனை அவனிடம் போட்டு உடைக்கிறது.

அதைக் கேட்டு மழையில் ஓடிப்போன பேப்பைத் தேடிக் கொண்டுவருகிறார்கள். குட்டி எதுவும் குடிக்காமல் கிடக்கிறது. ஹாகெட் அதிகம் பேசாத மனிதர். மடியில் போட்டுக்கொண்டு பால்புட்டியோடு மெல்லப் பாட ஆரம்பிக்கிறார். குரல் ஏறுகிறது. பிறகு எழுந்து, அந்த நெட்டை உடம்பு முழுக்கக் குதித்து ஆடுகிறார், ஒரு பன்றிக்குட்டிக்காக. ஆடி முடிக்கும்போது குட்டி எழுந்து குடிக்கிறது.

என் மகளின் கேள்விக்குப் பதில் இந்தக் காட்சியில் இருக்கிறது. அந்த மனிதருக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, ஆனால் குட்டிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பேடிங்டனின் ரயில் நிலையத்தில் அத்தனை பேருக்கும் வார்த்தை கேட்டது, ஒருவரும் நிற்கவில்லை. இரண்டும் ஒரே விஷயத்தை இரண்டு பக்கத்திலிருந்து பிடிக்கின்றன. ஸ்டூவர்ட் பின்தங்குவதும் இங்கேதான்: அவனைக் கேட்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை.

தனிப் படம் என்றால் எனக்கு ‘பேப்’தான் மேல். தொடர் என்றால் பேடிங்டன். ஏனென்றால் 1998-இல் ஜார்ஜ் மில்லர் இயக்கிய ‘பேப்: பிக் இன் தி சிட்டி’ துணிச்சலான படமே தவிர குழந்தைகளுக்கு மிகவும் இருண்டது. சங்கிலியில் தலைகீழாகத் தொங்கும் நாயின் தலை தண்ணீருக்குள் அமிழும் காட்சி ஒன்று போதும், சின்னக் குழந்தை இரவில் தூங்காது. பத்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே ஐந்தாறு வயதில் பேடிங்டன், முதல் இரண்டும் வரிசையாக. வீட்டுக்குப் புதிதாக ஒரு குழந்தை வரப்போகிறது என்றால் இடையில் ஸ்டூவர்ட் முதல் பாகம் கைகொடுக்கும். ஏழெட்டு வயதானதும் ‘பேப்’. அந்தப் படத்தைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடாதீர்கள். கிழட்டு ஆடு சாகும்போது பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருக்கும்.