புது கார் என்ஜினில் சத்தமா? ‘ஓட ஓட செட் ஆயிடும்’ என்ற பேச்சை நம்பி வாரண்டியைக் கோட்டை விடாதீர்கள்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் புது வண்டியின் என்ஜினில் இரண்டு மூன்று விநாடி ‘கடகட’ சத்தம். சர்வீஸ் சென்டருக்குப் போனால், “புது என்ஜின் சார், அஞ்சாயிரம் ஓடட்டும், செட் ஆயிடும்” என்பார் அட்வைசர். ஐயாயிரத்தில் போனால், “இந்த மாடல்ல எல்லா வண்டியும் இப்படித்தான்.” பத்தாயிரத்தில், “ஆயில் மாத்தியிருக்கோம், ஓட்டிப் பாருங்க.” வாரண்டி முடிந்த பிறகு அதே ஆள், “டைமிங் செயின் கிட் போகணும் சார், எஸ்டிமேட் போடட்டுமா?” என்று கேட்பார். (என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலிதான் டைமிங் செயின்.) இந்த வரிசையில் சிக்கிப் பணம் கட்டியவர்கள் ஏராளம். அவர்கள் புகார் சொல்லாமல் இல்லை. சொன்ன புகார் எதுவும் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் போடும் புகார்ப் பதிவில், ஏறவில்லை, அவ்வளவுதான்.

வாரண்டி கையேட்டை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வண்டியின் இயக்கத்தைப் பாதிக்காத சத்தம், அதிர்வு, லேசான ஆயில் ஈரம் ஆகியவை வாரண்டியில் வராது என்ற பொருளில் ஒரு வரி பல நிறுவனங்களின் கையேட்டில் இருக்கும். டீலர் பிடித்துத் தொங்குவது அந்த வரியைத்தான். அதனால் ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் எழுதினால் பாதி தோற்றாகிவிட்டது. சத்தத்தோடு சேர்ந்து இயக்கத்தில் என்ன கெடுகிறது என்பதும் பதிவாக வேண்டும்: ஆயில் குறைகிறதா, இழுவை போகிறதா, செக் என்ஜின் விளக்கு எரிகிறதா, ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது) ஆட்டம் இருக்கிறதா.

அட்வைசர் டேப்லெட்டில் “என்ஜின் நாய்ஸ் செக்” என்று மூன்று சொல் தட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார். போடாதீர்கள். “இரவு முழுக்க நின்ற பின் முதல் ஸ்டார்ட்டில், டைமிங் செயின் பக்கமிருந்து 3 விநாடி கடகட சத்தம், சூடான பின் இல்லை” என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். வண்டியைத் திருப்பி எடுக்கும்போது “குறை எதுவும் தென்படவில்லை” என்று இருந்தால், அதன் கீழேயே ‘சத்தம் தீரவில்லை’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடவில்லையா, ஜாப் கார்டு எண்ணைக் குறிப்பிட்டு டீலருக்கும் நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கும் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். “ஜாப் கார்டெல்லாம் எதுக்கு சார், சும்மா பார்த்துக் கொடுத்துடறோம்” என்ற உபசாரம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. காகிதத்தில் இல்லாத விசிட், நடக்காத விசிட்.

கோல்ட் ஸ்டார்ட் சத்தத்துக்கு இன்னொரு சிக்கல். வீட்டிலிருந்து சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போவதற்குள் என்ஜின் சூடாகிவிடும், சத்தம் ஒளிந்துகொள்ளும். முந்தைய மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் நீங்கள் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாஷிங்குக்கு நகர்த்துகிறேன் என்று ஒரு பையன் ஏழு மணிக்கே ஸ்டார்ட் செய்துவிட்டால் சோதனை வீண். விடும்போதே ஓடோமீட்டரைப் படம் எடுங்கள். காலையில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். அதே என்ஜின் உள்ள டெமோ காரையும் இரவெல்லாம் நிறுத்தி வைத்து, அடுத்தடுத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ‘எல்லா வண்டியும் இப்படித்தான்’ என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

எல்லாச் சத்தமும் குறையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் என்ஜினில் ஹை பிரஷர் பம்பும் இன்ஜெக்டரும் ‘டிக் டிக்’ என்று அடிப்பது இயல்பு. இன்டேக் பக்கம் விட்டுவிட்டு வரும் சொடக்கு பெரும்பாலும் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு. ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் மட்டும் தகரம் அதிர்வது போலக் கேட்டால், சைலன்சர் பைப்பின் ஹீட் ஷீல்டு போல்ட் தளர்ந்திருக்கும். கீச்சிடும் சத்தத்துக்கு டிரைவ் பெல்ட், ஐட்லர் புல்லி, ஆல்டர்னேட்டர் பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடத்துக்குள் மட்டும் ஓட விட்டால், சத்தம் என்ஜினுக்குள்ளா வெளியிலா என்று பிரிந்துவிடும். இதைச் சர்வீஸ் சென்டரில் வைத்தே செய்யச் சொல்லுங்கள். நீங்களே கழற்றினால் அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுப்பார்கள்.

விடக்கூடாத சத்தங்கள் வேறு. ஸ்டார்ட் செய்ததும் வரும் செயின் கடகடப்பு, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் பிரஷர் தாமதமாக ஏறுவதால் வரலாம். ஆயில் ஃபில்டருக்குள் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு சரியில்லாவிட்டாலும் இதே சத்தம்தான், எனவே கம்பெனி ஃபில்டர்தானா என்பதை முதலில் பாருங்கள். செயின் நீண்டிருந்தால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கும் பொருத்தம் தவறியதைச் சொல்லும் பி0016 கோடு ஸ்கேனரில் விழலாம். சூடான பிறகும் நிற்காத டேப்பெட் சத்தம், சூடாகச் சூடாகக் குறையும் பிஸ்டன் தட்டல் இரண்டும் வேறுவேறு நோய். மேட்டில் பெரிய கியரில் ஏறும்போது டப்பாவில் கூழாங்கல் குலுக்கியது போலக் கேட்டால் அது நாக்கிங், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடின்றி எரிவது. வேறு பங்கில் ஒரு டேங்க் பெட்ரோல் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஆழத்திலிருந்து ‘டொக் டொக்’ என்று வந்து, ஆயில் விளக்கும் மினுக்கினால் கனெக்டிங் ராட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அங்கேயே என்ஜினை நிறுத்துங்கள், டோ செய்து கொண்டுபோங்கள். ‘மெதுவா ஓட்டிட்டு வந்துடுங்க’ என்று போனில் சொல்வார்கள். அதைக் கேட்டால் கிராங்க் ஷாஃப்டும் சேர்ந்து போகும்.

கேட்க வேண்டிய சோதனைகள் மூன்று. ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிக் கேஜ் மாட்டி, ஐடிலிங்கிலும் கூடுதல் ஆர்.பி.எம்.மிலும் அளந்து, ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள அளவோடு சேர்த்து எழுதித் தருவது ஒன்று. அடுத்தது ஆயில் நுகர்வுச் சோதனை: டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை நிரப்பி, டிரெயின் போல்ட்டிலும் டிப்ஸ்டிக்கிலும் சீல் வைத்து, 1,000 கி.மீ. ஓட்டியபின் குறைந்ததை அளப்பது. மூன்றாவது பலருக்கும் தெரியாதது. கழற்றிய ஆயில் ஃபில்டரை உங்கள் எதிரில் அறுத்து, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பது. புது என்ஜினின் முதல் ஆயிலில் மிக நுண்ணிய பொடி இருக்கலாம். ஆனால் மடிப்புக்குள் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ செதில் மின்னினால் அது பேரிங் தேய்மானத்தின் அறிகுறி. அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்தால், ‘கேரக்டரிஸ்டிக் நாய்ஸ்’ (இந்த என்ஜினின் இயல்பான சத்தம்) என்ற பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இதையெல்லாம் செய்யாமல் என்ஜின் ஃபிளஷ், டீகார்பனைசிங், ஃபியூயல் அடிட்டிவ் என்று பில் போட்டால் கட்டாதீர்கள். வாரண்டி புகாருக்கு இவை சிகிச்சை ஆகாது. இன்னொரு தந்திரம், 0டபிள்யூ-20 என்ற மெல்லிய கிரேடு ஆயில் கேட்கும் என்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தைத் தற்காலிகமாக அமுக்குவது. பில்லில் உள்ள ஆயில் கிரேடைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் பக்கமும் ஓட்டை இருக்கக் கூடாது. ஃப்ரீ சர்வீஸைக் கெடு தாண்ட விடாதீர்கள். வெளிக்கடை ஹார்ன் ரிலேக்கும் ஃபாக் லேம்புக்கும் வயரை வெட்டி ஒட்டியிருந்தால் அதையும் ஒரு சாக்காக இழுப்பார்கள்.

அட்வைசரிடம் மன்றாடிப் பயனில்லை. ஒர்க்ஸ் மேனேஜர், பிறகு நிறுவனத்தின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் என்று எழுத்திலேயே மேலே போங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் வழக்கு அங்கேதான், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கட்டணம் 5 முதல் 10 லட்சம் வரை ரூ.200, 20 லட்சம் வரை ரூ.400. கெடு இரண்டு ஆண்டு. டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள்.

ஆனால் ‘புது வண்டியே வேண்டும்’ என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். பாகத்தை மாற்றித் தருவதே வாரண்டி நிபந்தனை என்றால் முழு வண்டியையும் மாற்ற உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு கார் வழக்கில் சொல்லிவிட்டது. 2010-இல் இன்னொரு கார் வழக்கில், தனி நிபுணரை வைத்துச் சோதித்து, உற்பத்திக் குறை இருந்தால் பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. அதனால் நிபுணர் சோதனைக்கு ஆரம்பத்திலேயே மனு கொடுங்கள். சோதனைக் கட்டணத்தை முதலில் புகார்தாரர்தான் கட்ட நேரும்.

நிறுவனம் இறங்கி வந்து என்ஜினைத் திறக்கிறோம் என்றால், டீலர் ஒர்க்‌ஷாப்பில் திறந்து மூடுவதைவிட ஃபேக்டரியில் கட்டிய முழு என்ஜினை எழுதிக் கேளுங்கள். மூடும்போது கைக்கு வந்தபடி பிதுக்கிய சிலிக்கான் பசை, ஆயில் ஸ்ட்ரெய்னரை (ஆயிலை வடிகட்டும் சல்லடையை) அடைத்துப் புது வியாதியைக் கொண்டு வரும். திறந்துதான் ஆக வேண்டும் என்றால் ஹெட் கேஸ்கெட்டும், ஒரே முறை பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகளும் புதிதாகப் பில்லில் வர வேண்டும். முழு என்ஜின் மாறினால் என்ஜின் எண்ணும் மாறலாம். அந்த எண்ணைக் காட்டும் இன்வாய்ஸையும் டீலரின் கடிதத்தையும் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஆர்.சி.யிலும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் புது எண் ஏறாவிட்டால், அடுத்த கிளெய்மில் சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான்.