மழைக்கணக்கா, பசுமைப் படமா?

ராமநாதபுரத்து வறட்சியை வரைபடமாகப் போட இரண்டு வழி உண்டு. ஒன்று, செயற்கைக்கோள் படங்களையும் மழைமானிக் கணக்குகளையும் சேர்த்துத் தயாரிக்கும் சிர்ப்ஸ் (CHIRPS) மழைத் தரவு. 1981 முதல் கிடைக்கிறது. நீண்ட காலச் சராசரியிலிருந்து இந்த ஐப்பசி, கார்த்திகை மழை எவ்வளவு விலகியது என்று எஸ்.பி.ஐ. (SPI) என்ற தரப்படுத்திய மழைக் குறியீடாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே மழை அளவு தரப்படும் ஒரு கட்டம் பக்கத்துக்குச் சுமார் 5 கிலோமீட்டர். அதற்குள் இரண்டு மூன்று கண்மாய்கள் அடங்கிவிடும். ஒன்று தளும்பும், பக்கத்தது வெடித்துக் கிடக்கும். கட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்று, சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுக்கும் என்.டி.வி.ஐ. பசுமைக் குறியீடு. இதில் ஒரு கட்டம் 10 மீட்டர்தான். பெரிய வயல்களைத் தனித்தனியே பார்க்கலாம். சரி, இதையே வைத்துக்கொள்ளலாமே என்றால், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மேகம் மறைத்துவிடும். அதைவிடப் பெரிய வம்பு சீமைக்கருவேலம். நெல் கருகிய வருடத்திலும் அது பச்சையாக நிற்கும். படம் பார்ப்பவருக்கு ஊரே செழிப்பு! விளைநில எல்லையை வைத்து முள்காட்டை முதலில் வெட்டி எறியாமல் (படத்தில்தான்) இதை நம்ப மாட்டேன்.

மாவட்டம் முழுக்கப் பல வருடங்களை ஒப்பிட மழைக்கணக்கைத்தான் எடுப்பேன். ஒரு கண்மாயின் ஆயக்கட்டில் கடைமடை வரை பயிர் தேறியதா என்று பார்க்க, தை மாதத்து மேகமில்லாத பசுமைப் படம் போதும்.