ஆள் தேடும்போது: தெரிந்தவர் சொல்லா, ஆன்லைன் ஸ்டாரா?

குழாய் ஒழுகுகிறது, வயரிங் மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ஆளைக் கூப்பிடுவதா, ஆப்பில் நிறைய ஸ்டார் வாங்கியவரையா?

நம்பகம்
தெரிந்தவர் சொன்னால்: செய்த வேலை ஆறு மாதம் கழித்தும் தாங்குகிறதா என்று அவருக்குத் தெரியும், நாமே போய்ப் பார்க்கலாம். ஆனால் அவர் பார்த்தது ஒரே ஒரு வேலை. ஃபேனை நன்றாக மாட்டினார் என்பதற்காக முழு வீட்டு வயரிங்கையும் கொடுத்துவிட முடியுமா? "நம்ம சொந்தக்காரப் பையன்தான்" என்று ஆரம்பித்தால் இன்னும் கவனம் தேவை.
ஆன்லைனில்: பல பேர் கருத்து கிடைக்கும். ஆனால் பல ஸ்டார்கள், வேலை முடிந்த சூட்டோடு போட்டவை. போலிகளும் உண்டு. மூன்று ஸ்டார் விமர்சனங்களைப் படியுங்கள், விஷயம் அதில்தான் இருக்கும்.

செலவு
தெரிந்தவர் வழி: பேரம் பேசக் கூச்சம்.
ஆன்லைனில்: நாலு இடத்தில் விலை கேட்டு ஒப்பிடலாம்.

வேகம்
ஆன்லைன்தான். தெரிந்தவர் சொல்லும், நல்ல பெயர் எடுத்த ஆள் பெரும்பாலும் பிஸி.

தகராறு வந்தால்
தெரிந்தவர் வழி: பெயர் கெடக்கூடாது என்று வேலை செய்தவர் திரும்ப வருவார். வராவிட்டால் சொன்னவரோடும் மனக்கசப்பு.
ஆன்லைனில்: ரசீது, புகார் பதிவு இருக்கும். அதே ஆள் வருவாரா என்பது வேறு விஷயம்.

சரி, எது யாருக்கு? அவசரமான சின்ன வேலைக்கு ஆன்லைன் போதும். சுவரை உடைக்கும் வேலை, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் வேலை என்றால் தெரிந்தவர் சொன்ன ஆள்தான். அதுவும், அதே மாதிரி வேலையை அவரிடம் செய்து வாங்கிய இரண்டு பேரிடம் விசாரித்த பிறகு.