தகரமா, ஓடா, அஸ்பெஸ்டஸ் சீட்டா: மலையகத்துப் பாழடைந்த கட்டடங்களில் எந்தக் கூரையை நம்பலாம்?

இலங்கை மலையகத்தில் கைவிடப்பட்ட கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. மூடப்பட்ட தேயிலை ஸ்டோர்கள் (ஆலைகள்), ஆளில்லாத துரை பங்களாக்கள், குடிகள் வெளியேறிய லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பிள்ளைமடுவங்கள் (பிள்ளைக் காப்பகங்கள்) என ஏதாவது ஒன்று ஒவ்வொரு தோட்டத்திலும் புதருக்குள் மறைந்து நிற்கிறது. படம் எடுக்கவும், பழைய இயந்திரங்களைப் பார்க்கவும், பாட்டன் பூட்டன் வாழ்ந்த லயத்து அறையான காம்பராவைத் தேடியும் இவற்றுக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து தரையைப் பார்த்தே நடக்கிறார்கள். தலைக்கு மேலே இருப்பதை வாசலில் ஒரு முறை அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

நான் இங்கே கூரைகளை ஒப்பிடும் அளவுகோல் ஒன்றுதான்: விழுவதற்கு முன் ஒரு கூரை தன் பழுதை எவ்வளவு தூரம் காட்டிக்கொடுக்கிறது? எடையும் வயதும் அதற்குப் பிறகே வருகின்றன. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒப்பீடு முழுவதும் கூரைக்குக் கீழே நிற்பதைப் பற்றியது; கைவிடப்பட்ட கட்டடம் ஒன்றின் கூரைமேல் ஏறுவதற்கு எந்த வகையிலும் என்னிடம் பரிந்துரை கிடையாது.

இந்த அளவுகோலின்படி முதலிடம் ஓட்டுக்கூரைக்கு. கள்ளிக்கோட்டை ஓடு ஒன்று ஏறத்தாழ இரண்டரை கிலோ எடை இருக்கும். ஒரு சதுர மீற்றருக்குப் பதினைந்து ஓடுகள் வரை செல்வதால், அதே பரப்புக்கு ஐந்து கிலோவைச் சுற்றி நிற்கும் தகரத்தை விட ஏழெட்டு மடங்கு பாரம், கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்களின்மேல் இறங்குகிறது. அப்படியிருந்தும் ஓட்டை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், அது எதையும் ஒளிக்கத் தெரியாதது என்பதுதான். கைமரம் ஒன்று நைந்தால் முகட்டு வரி அந்த இடத்தில் மாட்டின் முதுகைப் போலக் குழிகிறது. ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான சலாகை அறுந்தால் ஓட்டு வரிசை பல்லிளிக்கிறது. இவை இரண்டும் ஐம்பது அடி தள்ளி நிற்பவருக்கே தெரியும். முகடு நேராகவும் வரிசைகள் குலையாமலும் இருந்தால் அடியிலுள்ள மரம் இன்னும் வேலை செய்கிறது என்று ஓரளவு நம்பலாம். குழிவு தெரிந்தால் பேச்சுக்கே இடமில்லை, ஏனெனில் ஓட்டுக்கூரை இறங்கும்போது கைமரத்தையும் இழுத்துக்கொண்டு மொத்தமாக இறங்கும். ஓரிரண்டு ஓடுகள் மட்டும் நழுவிக் கிடக்கும் கூரையில் கவனிக்க வேண்டியது தாழ்வாரத்தின் ஓரம். நழுவிய அடுத்த ஓடும் அந்த வழியாகத்தான் வரும்.

தகரம் இதற்கு அடுத்த நிலையில் வந்தாலும், மரத்தின்மேல் அடித்த லயத்துத் தகரத்தையும் இரும்புச் சட்டத்தின்மேல் போட்ட ஸ்டோர்த் தகரத்தையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. லயத்துத் தகரம் காற்றுக்குப் பறக்காமலிருக்க அதன்மேல் கல்லையும் பழைய டயரையும் தூக்கி வைப்பது நம் வழக்கம். குடியிருந்தவர்கள் போன பிறகும் அந்தக் கற்கள் அங்கேயே இருக்கின்றன, அடியிலுள்ள தகரம் துருவால் சல்லடையாகிக்கொண்டே வருகிறது. முன்விறாந்தையான இஸ்தோப்பில் நிற்கும் ஒருவரின் தலைக்கு நேர் மேலே ஒரு கருங்கல் இருக்கக்கூடும் என்பதை உள்ளே நின்று பார்த்து அறிய வழியில்லை. மேட்டுப் பக்கத்துப் பாதையிலிருந்து கூரையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மலைச்சரிவில் கட்டியதால் லயத்துக் கூரையை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு நமக்கு இயல்பாகவே கிடைக்கிறது. சமவெளிக்காரர்களுக்கு இல்லாத இந்த வசதியை நாம் பயன்படுத்துவதில்லை.

லயத்துத் தகரத்தில் ஓட்டைகளை எண்ணிப் பயப்படுகிறவர்கள் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து. பெரிய ஓட்டைக்கு நேர் கீழேயுள்ள மரத்தில் வெயிலும் காற்றும் படுவதால் அது நனைந்து நனைந்து காய்கிறது. ஓட்டையின் ஓரத்தில், தகரம் மூடியிருக்கும் நிழலில், ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கும் மரம்தான் உளுத்துப்போகிறது. மரத்தின் ஈரப்பதம் இருபது வீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்கு விருந்து. ஆகவே கைமரத்தின் நடுப்பகுதியை விட அது சுவரில் அமரும் நுனியைப் பார்க்க வேண்டும். அங்கே பன்னமும் பாசியும் முளைத்திருந்தால் அந்த இடம் வருடம் முழுவதும் ஈரமாகவே இருக்கிறது என்று பொருள். பழைய லயங்கள் பலவற்றில் கருங்கல்லை மண் சாந்தால் இணைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கூரை திறந்து மழை சுவரின் உச்சியில் விழத் தொடங்கினால் சாந்து கரைந்து கல் மட்டும் அடுக்கி வைத்ததுபோல் எஞ்சுகிறது. கூரையே இல்லாத லயம் பாதுகாப்பானது என்ற எண்ணம் இதனால்தான் பிழை. பிடிப்பிழந்து தனித்து நிற்கும் முக்கோணச் சுவர், கூரையை விட மோசமான அண்டைவீட்டான்.

ஸ்டோர்க் கூரை வேறு உலகம். ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலை ஆலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. கந்தப்பளையில் ஒரு பழைய ஆலை ஹோட்டலாகவே மாறிவிட்டது. பராமரித்தால் இரும்புச் சட்டமும் தகரமும் எத்தனை காலம் நிலைக்கும் என்பதற்கு இவற்றை விட வேறு சாட்சி தேவையில்லை. பராமரிப்பு நின்ற ஸ்டோரிலும் இரும்புச் சட்டம் பெரும்பாலும் தகரத்துக்குப் பின்னரே விட்டுக்கொடுக்கிறது. இரும்பு உடைவதற்கு முன் வளைகிறது, வளைவு கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் மரத்தை விட இதை நம்பலாம் என்றே சொல்வேன். ஆனால் அந்த நம்பிக்கையைக் கெடுக்கும் சங்கதிகள் மூன்று உண்டு. வெளிப்பக்கம் அடித்த வெள்ளிநிறப் பூச்சு துருவை மூடி மறைத்துவிடுகிறது. வெளிச்சத்துக்காக இடையிடையே போட்ட ஒளிபுகும் தகடுகள், தகரத்தை விட முன்னதாகவே மக்கி, பாசி படர்ந்து தகரத்தின் நிறத்துக்கே வந்துவிடுகின்றன. மூன்றாவதுதான் மிகவும் கவலைக்குரியது. பழைய இரும்புக்கு விலை இருப்பதால் சட்டங்களுக்கிடையே குறுக்காக ஓடும் கம்பிகளையும் கோணங்களையும் யாரோ அறுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அண்ணாந்து பார்க்கும்போது பெரிய சட்டங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தியது மட்டும் இருக்காது. போல்ட் துளைகள் வெறுமையாக வரிசையில் தெரிந்தால், அறுத்த முனைகள் புதுத் துருவோடு செந்நிறமாக இருந்தால், காற்று வீசும் நாளில் அதற்குள் கால் வைக்கக் கூடாது.

ஸ்டோரில் கூரை ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கொழுந்து வாட்டும் மாடிகள் இரண்டு மூன்று அடுக்குகளாக மரத்தளத்தோடு இருக்கும். மேலே தகரம் ஒழுகத் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடிப்பது இந்தத் தளங்கள்தான். கீழே இயந்திர அறையில் நிற்பவருக்கு வாட்டு மாடியின் பலகையே கூரை, மேலே ஏறியவருக்கு அதுவே தரை. இரண்டு பேர் போனால், ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நிற்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

இனி, நான் கடைசி இடத்தில் வைக்கும் அஸ்பெஸ்டஸ் சீட். ஆச்சரியம் என்னவென்றால், உள்ளே நுழைகிறவர்கள் மிகவும் தைரியமாக நிற்பது இதன் கீழேதான். துருப்பிடிப்பதில்லை, குழிவதில்லை, ஒளி ஊடுருவும் துளைகள் விழுவதில்லை. டிஸ்பென்சரிகளிலும் தோட்டப் பாடசாலைகளிலும் பிற்காலத்து லயங்களிலும் போட்ட சீட்டுகள் சாம்பல் நிறத்தில், பார்வைக்கு முழுதாகவே இருக்கும். வயதாக ஆக சிமெந்து கரைந்து, பாசி வேர்விட்டு, சீட் மேலும் மேலும் நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஆனால் இரும்பைப் போல வளைந்து எச்சரிப்பதோ ஓட்டைப் போல வரிசை குலைவதோ அதன் இயல்பில் இல்லை. ஒரு மரக்கிளையோ குரங்குக் கூட்டமோ மேலே விழும்வரை முழுதாக இருந்து, விழுந்த கணத்தில் இரண்டாகப் பிளந்து இறங்கும். அப்போது பறக்கும் தூசி வேறு தனிக் கதை. நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடைசெய்தது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் சீட்டுகள் அதற்குப் பிறகும் பரவலாகப் புழக்கத்தில் இருந்தன. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய்க் காரணி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தரையில் சிதறிய சீட்டுத் துண்டுகளை மிதித்து நடப்பதும், கம்பால் கூரையைத் தட்டிப் பார்ப்பதும் இங்கே கூடவே கூடாது. துணி முகக்கவசம் இந்த இழைகளைத் தடுக்காது. சீட் போட்ட கட்டடம் என்றால் நான் ஜன்னலோடு நின்றுவிடுகிறேன்.

கொங்கிரீட் மலையகத்துப் பழைய கட்டடங்களில் அதிகமில்லை. பங்களா முகப்பிலும் தண்ணீர்த் தொட்டியிலும் காணலாம். அடிப்பரப்பில் செம்பழுப்புக் கறையும் கம்பியின் வழியே நீளும் வெடிப்பும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கொங்கிரீட்டைப் பிளந்துகொண்டிருக்கிறது. தரையில் கிடக்கும் சில்லுகளைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

பங்களாக்களில் சிக்கல் கூரைப்பொருளால் வருவதை விட சிலிங்கால் வருகிறது. பலகை அடித்து, வெள்ளைப் பூச்சுப் பூசி, ஓரத்தில் சித்திர வேலையோடு இருக்கும் சிலிங், கூரைக்கும் நமக்கும் இடையே போட்ட திரை. ஊவாப் பக்கம் ஒரு பழைய பங்களாவுக்குக் காவல்காரரின் அனுமதியோடு போயிருந்தேன். முன் அறையில் கணப்புக்கு மேலே சிலிங்கில் தேநீர் சிந்தியதுபோல ஒரு கறை, உள்ளங்கை அகலம், அவ்வளவுதான். கணப்பைப் படம் எடுக்க அதன் கீழே போய் நின்றேன். “ஐயா, அங்க நிக்காதீங்க, மேல எல ஊறிக் கெடக்கு” என்றார் அவர். வெளியே அழைத்துவந்து, வாசலில் நின்றபடியே நீண்ட மூங்கிலால் கறைக்குப் பக்கத்துப் பலகையை மெதுவாக ஒரு முட்டு முட்டினார். பலகை ஈரப் பிஸ்கட்டைப் போலச் சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. கறுத்து அழுகிய யூக்கலிப்டஸ் இலை, எலிக்கூடு, உடைந்த ஓட்டுத் துண்டுகள், புகைபோக்கியிலிருந்து பெயர்ந்த இரண்டு செங்கற்கள் எல்லாம் நான் நின்ற இடத்தில் குவிந்தன. “எப்படியண்ணே தெரியும்?” என்று கேட்டேன். “பொகக்கூட்டுக்கும் கூரைக்கும் நடுவுல போட்ட ஈயத் தகட்ட எடுத்துட்டுப் போய்ட்டாங்க. அன்னையிலருந்து அந்த மூலைக்கு நான் போறதில்ல” என்றார். கண்ணால் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, இடத்துக்காரரிடம் கேட்பது ஆகிய மூன்று வழிகளில் எது மேல் என்று கேட்பவர்களுக்கு எனது பதில் இந்த மூங்கில்தான். அது எங்கே முட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர் கண்ட இடத்தில் தட்டினால் பழுதைக் கண்டுபிடிப்பதற்கு முன் பழுதைத் தலையில் வாங்கிக்கொள்வார். கூரைக்குள் கூடு கட்டியிருக்கும் குளவிகளைப் பற்றிக் கொழுந்து பறிக்கும் எவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய ஸ்டோரை விட என்னை அதிகம் தயங்க வைப்பவை அண்மையில் கைவிட்ட லயங்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவும், 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த மண்சரிவுகளும் நமக்குத் தெரியும். இத்தகைய அபாயத்தால் குடிகளை வெளியேற்றிய லயங்களில் தகரம் புதிதாக, மரம் உறுதியாக, சில காம்பராக்களில் சாமிப்படம்கூடச் சுவரிலேயே இருக்கும். அங்கே கூரைக்குப் பழுது மேலிருந்து வராமல் கீழிருந்து வருகிறது. நிலம் நகரும்போது சுவர்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. கைமர நுனி சுவரில் இரண்டு விரல் அளவே தொட்டுக்கொண்டு நிற்கிறது. கதவு நிலை கோணியிருப்பது, சுவரில் படிப்படியாக ஏறும் வெடிப்பு, கைமரம் முன்பு இருந்த இடத்தில் பூச்சு மாறாத புதிய வெள்ளைத் தழும்பு ஆகியவை அதற்கான அடையாளங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என அறிவிக்கும் மண்சரிவு எச்சரிக்கை எந்த மட்டத்தில் இருந்தாலும் அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது, கூரை எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

காலத்தைப் பொறுத்தவரை, மேற்குச் சரிவில் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களிலும் ஊவாவில் வடகீழ் மழைக்காலத்திலும் உள்ளே போக வேண்டாம். மரமும் ஓடும் நீரைக் குடித்துப் பாரம் கூடியிருக்கும் நேரம் அது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பதற்கு மழை நாளை விட நல்ல நாள் கிடையாது. குடையோடு வாசலில் பத்து நிமிடம் நின்றால் எந்த இடத்தில் சொட்டுகிறது, எந்தச் சுவர் வழியே வழிகிறது என்பதைக் கூரையே வரைந்து காட்டிவிடும். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பெப்ரவரி, மார்ச் வெயிலில் திரும்பிப் போய், தண்ணீர் வழிந்த சுவர்களை விட்டு விலகி நடக்கலாம்.