ஹமா மணியில் ஹொக்வார்ட்ஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்

டென்மார்க்கில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு ஹமா மணியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பாலர் பாடசாலையில் ஒரு மேசை நிறைய இருக்கும், வீட்டில் சோபாவுக்கு அடியில் ஒரு கைப்பிடி இருக்கும். வேறு நாடுகளிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வரி: இவை குட்டிக் குழாய்த் துண்டுகள் போன்ற பிளாஸ்டிக் மணிகள். முளைகள் கொண்ட தட்டில் ஒவ்வொன்றாக நிறுத்தி ஒரு படம் உண்டாக்க வேண்டும். மேலே தாள் வைத்து அயன் பெட்டியால் தேய்த்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகிவிடும். ஹமா கொம்பனி டென்மார்க்கின் வடபகுதியில், மோர்ஸ் தீவில் உள்ள நூக்கூபிங்கில் இருக்கிறது. தொடக்கத்தில் அவர்கள் உறிஞ்சுகுழல் செய்தவர்கள் என்பதை மணியின் உருவத்தைப் பார்த்தாலே நம்பலாம்.

நானும் மகளும் ஹரி பொட்டர் ஏழு புத்தகங்களையும் சேர்ந்து வாசித்தோம். வாசித்து முடித்த கையோடு அந்த உலகத்தை மணியில் கட்டத் தொடங்கினோம். ஹரி படிக்கும் ஹொக்வார்ட்ஸ் மந்திரப் பாடசாலையின் நான்கு மாணவர் இல்லங்களின் சின்னங்கள், அவனுடைய ஆந்தை ஹெட்விக், சிறகுள்ள பந்தான தங்க ஸ்னிச், மரணப் பொருட்களின் குறி, ஹரியின் கலைமான் என்று எங்கள் சுவர் இப்போது நிறைந்திருக்கிறது. இந்த வேலைக்கு நாங்கள் பயன்படுத்தியது ஹமா மிடி, அதாவது 5 மில்லிமீற்றர் மணி. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: கற்பனைக் கதையொன்றை மனதுக்கு நெருக்கமாக வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் எல்லா நிறமும் கலந்த பெரிய வாளி வேண்டாம். நிறம் நிறமாகப் பிரித்த 1000 மணிப் பைகளாக வாங்குங்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. பெரிய சதுரத் தட்டில் வரிசைக்கு 29 முளைகள், 29 வரிசைகள், மொத்தம் 841. ஒரு இல்லச் சின்னத்தைப் பின்னணியோடு சேர்த்து முழுத் தட்டில் செய்தால், பின்னணிக்கு மட்டுமே ஒரே நிறத்தில் நானூறு ஐந்நூறு மணி போய்விடும். கலவை வாளியில் அத்தனை கடும்பச்சை மணியைத் தேடிப் பொறுக்கி எடுப்பதற்குள் பிள்ளைக்கு ஆசை வடிந்துவிடும். ஒரு தனிநிறப் பை இங்கே கடையில் குடிக்கும் ஒரு கோப்பியை விட மலிவு. சிறு பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்கு அடுக்கி விளையாட வாளி நல்லது. ஒரு குறிப்பிட்ட கதையை, அதன் குறிப்பிட்ட நிறங்களோடு கொண்டுவர வேண்டுமென்றால் பைதான்.

நிறங்களில்தான் ஹமாவின் பலம். ஹஃபிள்பஃப் இல்லத்துக்கு மஞ்சளும் கறுப்பும். இதைவிடச் சுலபமான சோடி கிடையாது, அறையின் மறுமூலையிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும். முதல் தடவை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். ஸ்லிதரினுக்குக் கடும்பச்சையும் வெள்ளியும். கிறிஃபிண்டோருக்கு எந்தச் சிவப்பு என்று யோசிக்க வேண்டும். புத்தகத்தில் அது பளிச்சென்ற செஞ்சிவப்பு, திரைப்படங்களில் வரும் கழுத்துத் துண்டுகளோ கருஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்தவை. ஹமாவில் இரண்டுக்கும் மணி உண்டு. நாங்கள் புத்தகத்தின் பக்கம் நின்று சாதாரணச் சிவப்பை எடுத்தோம், அந்த இல்லத்தின் சிங்கம் அதில் துள்ளி நிற்கிறது.

ரேவன்குளோவுக்கு வந்தபோது வீட்டில் பெரிய விவாதம். புத்தகத்தில் அந்த இல்லத்தின் நிறங்கள் நீலமும் வெண்கலமும், சின்னம் கழுகு. திரைப்படத்தில் நீலமும் வெள்ளியும் ஆக்கி, கழுகின் இடத்தில் அண்டங்காகத்தை வைத்துவிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படங்களில் பெரும்பாலானவை திரைப்படத்தைப் பின்பற்றியவை. "அம்மா, புத்தகத்தில வெண்கலம் எண்டுதானே கிடக்கு? நாங்கள் ஏன் வெள்ளி வைக்கோணும்?" என்று மகள் கேட்டாள். அவள் சொன்னதுதான் நியாயம். ஹமாவில் 61 தங்கம், 62 வெள்ளி, 63 வெண்கலம் என்று மூன்றும் தனித்தனி எண்ணில் வருகின்றன. 63ஐ நீலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வெள்ளி வைத்ததை விட எவ்வளவு இதமான, பழமையான அழகு வருகிறது என்று தெரியும். கழுகையும் நாங்களே கட்டத்தாளில் வரைந்துகொண்டோம். புத்தகத்தை நேசிப்பவர்களுக்கு அந்த வெண்கலப் பை ஒன்றே இந்த மதிப்புரையில் நான் தரும் முதல் பரிந்துரை.

உலோக நிற மணிகளில் உண்மையான உலோகப் பளபளப்பை எதிர்பார்க்க வேண்டாம். கையில் எடுத்தால் மெல்லிய மினுமினுப்பு தெரியும், உருகிய பிறகு அது இன்னும் அடங்கிவிடும். அதனால் தங்க ஸ்னிச்சை முழுக்க 61இல் செய்யாமல், வெளிச்சம் விழும் பக்கத்துக்கு மஞ்சளும் நிழல் பக்கத்துக்கு இளம்பழுப்பும் கலந்தோம். பந்து உருண்டையாகவே தெரிகிறது.

மாதிரிப் படங்களுக்காகத் தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. குறுக்குத் தையலுக்குப் போட்ட கட்டப்படம் எதுவும் இதற்குப் பொருந்தும், ஒரு கட்டத்துக்கு ஒரு மணி. அகலம் 29 கட்டத்துக்குள் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். 29 ஒற்றை எண்ணாக இருப்பதில் ஒரு வசதி உண்டு: தட்டுக்கு நடுவில் சரியாக ஒரு முளை வரிசை விழும். கேடயம், ஆந்தை முகம், கோபுரம் போன்ற இடமும் வலமும் ஒத்த உருவங்களை அந்த நடு வரிசையிலிருந்து இரண்டு பக்கமும் வளர்த்துக்கொண்டு போகலாம். நடு வரிசையை முதலில் நிரப்பிவிடுவது நல்லது.

ஹெட்விக் பனி ஆந்தை, முழு வெள்ளை. வெள்ளை மணியை அப்படியே நிரப்பினால் உருவம் கரைந்துபோகும். இறகுகளுக்கு இளஞ்சாம்பல், வெளிக்கோட்டுக்குக் கடுஞ்சாம்பல், கண்ணுக்கு மஞ்சள் நடுவே ஒரு கறுப்பு. கறுப்பில் வெளிக்கோடு போட்டால் கேலிச்சித்திரம் போல ஆகிவிடுகிறது என்பது என் எண்ணம், சாம்பலில்தான் அந்தப் பறவையின் கௌரவம் வருகிறது.

மரணப் பொருட்களின் குறிதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதற்குத் தட்டையே மாற்ற வேண்டியிருக்கும். கதையில் வரும் மூன்று மந்திரப் பொருட்களை அது காட்டுகிறது: முக்கோணம் என்பது ஆளை மறைக்கும் மேலங்கி, வட்டம் உயிர் மீட்கும் கல், நடுக்கோடு எல்டர் மந்திரக்கோல். சதுரத் தட்டில் முக்கோணத்தின் சாய்ந்த பக்கங்கள் படிக்கட்டு மாதிரி விழும். அறுகோணத் தட்டில் முளைகள் மூன்று திசைகளில் நேர்வரிசையாக ஓடுவதால், மூன்று பக்கமும் கோடு பிடித்தது போல வரும். ஆனால் உச்சியிலிருந்து கீழே இறங்கும் நடுக்கோடு அங்கே ஒற்றை மணியாக வராது: ஒரு வரிசையில் நடுவில் முளை இருக்கும், அடுத்த வரிசையில் நடு இரண்டு முளைக்கும் இடையில் விழும். எனவே ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கோல் முடிச்சு முடிச்சாகத் தெரியும். திரைப்படத்தில் காட்டும் எல்டர் மந்திரக்கோலும் அப்படித்தானே இருக்கிறது! அறுகோணத் தட்டு வாங்குவதற்கு இந்த ஒரு குறியே போதுமான காரணம்.

ஹரியின் மந்திரத்தில் வெள்ளி ஒளியாக எழும் காவல் உருவமான கலைமானுக்கு ஒளி ஊடுருவும் மணிகளை எடுத்தோம். நிறமற்றதும் நீலமும் கலந்து செய்து யன்னலில் தொங்கவிட்டால், பகல் வெளிச்சம் அதற்குள்ளாக வரும்போது மான் உண்மையாகவே வெள்ளி ஒளியில் நிற்பது போல இருக்கும். இருட்டில் ஒளிரும் மணியும் ஹமாவில் உண்டு. இங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்னமே இருட்டிவிடும் என்பதால், கொம்புகளுக்கு மட்டும் அதைச் சேர்த்தோம். விளக்குக்குக் கீழே சற்று நேரம் வைத்துவிட்டு அறையை இருட்டாக்கினால் கொம்பு மட்டும் மிதக்கும். மகளின் சிநேகிதிகள் வந்தால் முதலில் காட்டுவது அதைத்தான்.

சரி, அயன் பண்ணுவது. அடுக்குவதில் பொறுமை இருந்தால் போதும். சூடு காட்டுவதில்தான் மணியின் தரம் தெரியும், இந்த இடத்தில் ஹமாவை நான் மனதாரப் புகழ்வேன். ஒரே சூட்டில் எல்லா நிறமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இளகுகின்றன. நீராவியை நிறுத்திவிட்டு, நடுத்தரச் சூட்டில், அயன் தாளையோ பேக்கிங் பேப்பரையோ மேலே வைத்து, அழுத்தாமல் வட்டம் வட்டமாக நகர்த்த வேண்டும். தாள் வழியாக நிறங்கள் கருமையாகத் தெரியத் தொடங்கும்போது எடுத்துப் பாருங்கள். பக்கத்து மணிகள் ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் நடுத்துளை தெரிய வேண்டும். துளை மூடிப்போனால் படம் தட்டையாகி, ஹெட்விக்கின் இறகு எது, வான் எது என்று பிரியாது. பிறகு திருப்பி மறுபக்கமும் கொஞ்சம். பெரியவர்கள்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

சூடாக இருக்கும்போதே மேலே கனமான புத்தகம் வைத்து ஆறவிட்டால் ஓரம் வளையாது. ஏழில் ஐந்தாவது புத்தகம்தான் மிக நீளமானது, எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு அதையே வைத்திருக்கிறோம்.

தட்டைக் காப்பாற்ற ஒரு வழி சொல்கிறேன். அடுக்கி முடித்த மணிகளின் மேல் அகலமான மாஸ்கிங் டேப்பை வரிசையாக ஒட்டி, விரலால் நன்றாக அழுத்தி, ஊசியால் துளைகளுக்கு மேலே குத்திவிடுங்கள், காற்று வெளியேற. பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பித் தட்டைத் தூக்கினால் படம் டேப்பில் நிற்கும். தட்டுக்குச் சூடே படாது, திறந்த பக்கத்தை அயன் பண்ணி, ஆறியதும் டேப்பை உரித்து மறுபக்கத்தைச் செய்யலாம். சதுரத் தட்டுகள் நாலைக் கோர்த்து 58க்கு 58 என்று கோட்டை மாதிரிப் பெரிய படம் செய்பவர்களுக்கு இது கட்டாயம். அதற்கு 3364 மணி வேண்டும், பக்கத்துக்கு 29 சென்டிமீற்றர் வரும். அதைத் தட்டில் வைத்தே தேய்த்தால் ஒரு பக்கம் இளகி முடிக்கும்போது மறுபக்கம் நழுவிப் போயிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க, இணையத்தில் மிக மலிவாக விற்ற, பெயர் சொல்லாத ஒரு வகை மணியும் வரவழைத்தோம். நிறங்கள் கண்ணுக்கு நல்லாகத்தான் இருந்தன. ஆனால் நீளம் ஒன்றுக்கொன்று சமமில்லை, சிலவற்றின் வாயில் பிசிறு, முளையில் இறங்க மறுத்தன. சூடு காட்டியதும் சிவப்பு முழுக்க உருகிப் பரவ, கறுப்பு அசையாமல் நின்றது. ஒரு சிங்கம் அப்படி வீணாகிப் போனதில் மகள் அழுதேவிட்டாள். ஆர்ட்கல் போன்ற பெயர் பெற்ற வேறு மணிகளும் உண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்களோடு. முகங்களுக்கும் நிழல் தட்டும் ஓவியங்களுக்கும் அத்தனை நிறம் உதவும். எதை வாங்கினாலும் ஒரு படத்துக்குள் இரண்டு கொம்பனிகளின் மணியைக் கலக்காதீர்கள், உருகும் வேகம் வேறுபடலாம்.

வயதைப் பற்றி. மிடி 5 வயதிலிருந்து. 10 மில்லிமீற்றர் மாக்ஸி 3 வயதிலிருந்து, ஆனால் அதில் இல்லச் சின்னம் எதுவும் அடையாளம் தெரியும்படி வராது, முழு மஞ்சள் பந்துக்கு இரண்டு சிறகு வைத்து ஸ்னிச் செய்யலாம். மினி 2.5 மில்லிமீற்றர், 10 வயதிலிருந்து. காதணிக்கும் திறப்புக்கோர்வைக்கும் அழகு, சாவணத்தால்தான் பிடித்து வைக்க வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் எந்த அளவாக இருந்தாலும் மூடியுள்ள பெட்டியும் உயரமான அலுமாரியும் அவசியம்.

செய்து முடித்ததைச் சுவரில் மாட்டலாம், கோப்பையின் கீழே வைக்கலாம். அடுப்பிலிருந்து இறக்கிய கறிச்சட்டியை மட்டும் வைக்காதீர்கள், பாலிஎத்திலீன் மறுபடி இளகும். சந்தையில் வைத்து விற்க நினைப்பவர்கள், இந்தக் கதையின் பெயர்களும் சின்னங்களும் வோர்னர் பிரதர்ஸின் வணிகக் குறிகள் என்பதை நினைவில் வையுங்கள். வீட்டுக்கும் பிறந்தநாள் பரிசுக்கும் செய்வதோடு நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம்.

முதல் தடவை வாங்குபவர்கள் கடைக்குப் போனால் இவ்வளவு எடுங்கள்: ஒரு பெரிய சதுரத் தட்டு, ஒரு அறுகோணத் தட்டு, அயன் தாள், மஞ்சள், கறுப்பு, வெள்ளை, சாம்பல் பைகள், அப்புறம் உங்கள் பிள்ளைக்குப் பிடித்த இல்லத்தின் இரண்டு நிறங்கள். அந்த இல்லம் ரேவன்குளோவாக இருந்தால், எண் 63.