ஹெரால்டின் முன்சக்கர பேரிங்: பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரின் முன்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் சுழலும் நடுப்பகுதியில்) உள்ள பேரிங்குகளை மாற்றுவது கடினமான வேலையன்று. ஆனால் அதை அவசரமில்லாமல் செய்துதரும் பட்டறை அரிது. சென்னைப் புதுப்பேட்டையை ஒட்டிய சந்து ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல், பழைய வண்டிகளை மட்டும் பார்க்கும் பட்டறையொன்றில் அண்மையில் இரண்டு முன்சக்கரங்களுக்கும் இந்த வேலையைச் செய்துகொண்டேன். ஒரு குறையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எனக்கு நிறைவு.

ஹெரால்டு 1961 முதல் வண்டலூர் ஆலையில் உருவான வண்டி. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலொட்டி வடிவமைத்த அதன் பானெட், இறக்கைகளோடு (மட்கார்டுகளோடு) சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் என்பதால், முன்சக்கரங்களைச் சுற்றிய வேலைகளுக்கு இவ்வளவு வசதியான சிறிய கார் வேறில்லை. ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் பேரிங்குக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளே பெரியதும் வெளியே சிறியதுமாக இரண்டு டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங்குகள் உள்ளன. அவை அங்குல அளவில் அமைந்தவை. பழைய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டினால் நல்ல பேரிங் கடையிலேயே கிடைத்துவிடும். போலிச் சரக்கு புழங்கும் பொருள் என்பதால், பில் தரும் கடையில் வாங்கிவருமாறு பட்டறைக்காரரே சொன்னார். தரகுக்காகத் தாமே வாங்கித் தருவதாகச் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

வேலையைத் தொடங்குமுன் அவர் செய்த சோதனையைக் குறிப்பிட வேண்டும். நேர்ச்சாலையில் மெல்லிய ரீங்காரமாக இருந்த சத்தம், வண்டியை இடப்புறம் வளைத்தபோது கூடியதால், சுமை ஏறும் வலப்பக்கச் சக்கரத்தில்தான் கோளாறு என்று ஊகித்தார். பிறகு ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பார்த்தார். ஹெரால்டில் இந்த ஆட்டம் பேரிங்கிலிருந்தும் வரலாம், சக்கரம் திரும்ப உதவும் மூட்டுகளான கீழேயுள்ள டிரனியனோ மேலேயுள்ள பால் ஜாயின்டோ தேய்ந்திருந்தாலும் வரலாம். அதனால் உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார், ஆட்டம் நின்றுவிட்டது, அதாவது கோளாறு பேரிங்கில்தான். மிதித்தபின்பும் ஆட்டம் நீடித்திருந்தால், பேரிங்குக்குச் செலவழித்து என்ன பயன்?

டிரம்மைக் கழற்றி, கிரீஸ் மூடி, ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர் ஆகியவற்றை எடுத்தபின் ஹப் கையோடு வந்துவிடுகிறது. பல பட்டறைகளில் இந்த இடத்தில்தான் வேலை குறுக்கப்படுகிறது: “கப் நல்லாத்தானே சார் இருக்கு” என்று சொல்லி, ஹப்பில் இறுகியிருக்கும் பழைய வெளிவளையத்தை அப்படியே விட்டு, உருளைகளோடு கூடிய உள்வளையமான புதிய கோனை மட்டும் போட்டுவிடுவார்கள். தேய்ந்த கப்பில் புதிய உருளைகள் சீராக உட்காராது. விரைவிலேயே சத்தம் திரும்பிவிடும். இவர் நான்கு கப்புகளையும் பித்தளைக் கம்பியால் மாறி மாறித் தட்டி வெளியேற்றினார். புதியவற்றைச் சாயாமல், அடிவரை உட்கார்ந்த ஓசை கேட்கும்வரை பொறுமையாக இறக்கினார். கிரீஸை உருளைகளுக்கிடையே உள்ளங்கையால் அழுத்தி ஏற்றினாரே தவிர, மூடிக்குள் அடைத்துவைக்கவில்லை. உட்பக்கத்து ஃபெல்ட் சீலைப் புதிதாக ஒட்டி, காய்ந்தபின் எஞ்சின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போட்டார். காய்ந்த ஃபெல்ட் கிரீஸைத் தடுக்காது. கசியும் கிரீஸ் பிரேக் ஷூவில் படிந்தால் வண்டி ஒருபக்கமாக இழுக்கும்.

நட்டை இறுக்குவதுதான் இந்த வேலையின் உயிர். இந்த முன்சக்கரப் பேரிங்குக்குச் சிறிதளவு இடைவெளி வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே 5 பவுண்டு-அடி அளவுக்கு மட்டும் இறுக்கி, பின்பு நட்டின் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு தளர்த்துவது முறை, அப்போது 0.002 முதல் 0.008 அங்குலம் வரை அசைவு இருக்கும். புதிதாக மாற்றியவருக்கு அந்தச் சிறு ஆட்டம் உறுத்தலாக இருக்கும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினாலோ, சூடேறி கிரீஸ் உருகி, பேரிங், ஹப்பைத் தாங்கும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சிலிலேயே பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இவர் கைப்பழக்கத்தால் அளவை வைத்துவிட்டு, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை ஒட்டிச் சரிபார்த்தார். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாமல் புதியதையே போட்டார்.

இனி அந்தக் குறை. பேரிங் வேலை முடிந்ததும், அதே கையோடு டிரனியன்களில் கிரீஸ் துப்பாக்கியை வைக்கப் போனார். ஹெரால்டின் டிரனியனுக்கு வேண்டியது கிரீஸ் அன்று, இபி 90 கியர் ஆயில். கிரீஸ் டிரனியனின் மரைகளின் கீழ்ப்பகுதிவரை இறங்காமல், அங்கே துரு பிடித்து, கடைசியில் அதற்குள் திருகியிருக்கும் செங்குத்துத் தண்டான வெர்டிக்கல் லிங்க் ஒடிந்து சக்கரம் மடிந்துவிடக்கூடும். எடுத்துச் சொன்னதும் மறுக்காமல் ஆயிலை ஊற்றினார் என்றாலும், இந்த வண்டியை இவ்வளவு அறிந்தவர் இதைக் கேட்டுச் செய்ய நேர்ந்தது வியப்புதான். அங்கே வண்டியை விடுபவர்கள் இதை முதலிலேயே சொல்லிவைக்கட்டும்.

கூலி, பேரிங் விலையைவிடக் கூடுதல். தொலைபேசியில் நாள் குறிக்கும் வழக்கம் இல்லை. நேரில் போய் முறைக்குக் காத்திருக்க வேண்டும். கழற்றிய பழைய பேரிங்குகளைக் கேட்காமலே துணியில் சுற்றிக் கொடுத்தார்: வலப்பக்கத்து உள் கப்பில் நீலம் பாரித்த தழும்பும், உரிந்த குழிகளும் தெளிவாகத் தெரிந்தன. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, கட்டணமின்றி அசைவை மறுபடி அளந்து பார்த்தார். நட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை.