காகித வரைவா, ஃபிக்மா மாதிரியா?

மீன் வியாபாரக் கணக்கு எழுதும் ஆப் ஒன்றுக்குத் திரைகள் வடிவமைத்தபோது, காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்காவிடம் காகித வரைவு, ஃபிக்மா (திரை வடிவமைக்கும் மென்பொருள்) மாதிரி இரண்டையும் கொண்டுபோனேன்.

முதலில் காகிதம். ஏ4 தாளில் பேனாவால் வரைந்த நான்கு திரைகள். அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "கடன் சொன்னவங்க பேரை முதல்ல காட்டு தம்பி, மொத்தக் கணக்கை அப்புறம் பாத்துக்கலாம்" என்று தாள்களையே மேலும் கீழுமாக மாற்றி வைத்தார். பளபளப்பான திரையைக் காட்டியிருந்தால் "நல்லா இருக்குப்பா" என்பதோடு முடிந்திருக்கும். எதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு என் தேர்வு காகிதம்தான். செலவில்லை, திருத்த ஒரு நிமிடம் போதும்.

சரி, விரல் படும் விஷயம்? அது தாளில் தெரியாது. அதே திரைகளை ஃபிக்மாவில் இணைத்து போனில் கொடுத்தேன். ஈரக் கை, செதில் ஒட்டிய கட்டைவிரல். 'சேமி' பொத்தானைத் தொட்டால் பக்கத்திலிருந்த 'நீக்கு' திறந்தது. தொடும் இடம் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டு திரையில் நீள அகலம் அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல். நான் 32 வைத்திருந்தேன். வெயிலில் சாம்பல் நிற எழுத்தும் தெரியவில்லை. எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைப்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதலின் ஏஏ (நடு) நிலை, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கேட்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1.

ஒரு சுற்றுப் பயனர் சோதனைக்கு 5 பேர் போதும் என்று 2000இல் எழுதினார் பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன். நான் காகிதத்துக்கு 3 பேர், ஃபிக்மாவுக்கு 5 பேர் வைத்துக்கொள்கிறேன். விடியற்காலை ஏல நேரத்தில் மட்டும் போகாதீர்கள். அது அவர்கள் பிழைப்பு நேரம்.